கஞ்சி வைத்த நாள்

"என்னைய ஏன்ட்டி அதுல இழுத்த?"

"பேரச் சொல்லலியேக்கா. எங்க வீட்டுப் பெரியவங்கன்னுதான…"

"கோயில் முழுக்க என்னையத் திரும்பிப் பாக்குது. பேரச் சொல்லலியாம்!"

"நல்லதத்தானக்கா சொன்னேன். உங்களப் பத்தி நாலு பேரு…"

"என்னையப் பத்தி! ஒன்னயல்லா கட்டிப் பிடிச்சாளுவ."

சொன்ன பிறகுதான், அது வெளியே வந்துவிட்டது என்று மூத்தவளுக்குத் தெரிந்தது.



சாப்பாட்டு மேசையில் பொன்னாடை கிடந்தது. பெண்கள் ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொன்ன செண்பகத்துக்குப் போர்த்தியது.

இருபத்தாறு வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவள் மூத்தவள். ஏன் விசுவாசிக்கிறோம் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் அவளிடம் பதில் உண்டு. அதிகாரம், வசன எண்ணோடு.

கொழுந்தன் எல்லாரையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டு வந்த செண்பகத்துக்கு, ஞானஸ்நானத்துக்கு முன் அத்தனை பதிலையும் ஒப்பிக்க வைத்தவளும் அவள்தான்.

'நான் ஏன் விசுவாசிக்கிறேன்?' இந்த வருஷத் தலைப்பு அது.

போதகரின் மனைவி ஐயரம்மா சாட்சி சொல்லக் கூப்பிட்டது செண்பகத்தை.

செண்பகம் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. கஞ்சியைச் சொன்னாள்.

ஆறு வயது மகளை அடக்கம் பண்ணின மறுநாள், ஒரு தாய் எழுந்து அரிசி களைந்தாள். வீட்டில் யாரும் முகம் கொடுக்காத எனக்கு, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு, கஞ்சி வைத்தாள். களையும்போதே அவள் உதடு ஜெபித்துக்கொண்டிருந்தது. இவளைத் தாங்குகிறவர் யார் என்று கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

அவ்வளவுதான்.

முந்தானைகள் கண்ணுக்குப் போயின. மூன்றாவது பெஞ்சில் மூத்தவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய மகள் பெனிட்டா. அவளுடைய அரிசி. அவளுடைய கஞ்சி.

விசுவாசம் மட்டும் செண்பகத்துடையது.

"தப்பாச் சொல்லிட்டனாக்கா? நீங்க ஜெபிச்சத இந்தக் கண்ணால பாத்தேன்."

"ஜெபமா அது?"

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. அவள் போய் அணைத்துவிட்டு, திரும்பாமலே பேசினாள்.

"திட்டிக்கிட்டு இருந்தேன்ட்டி. ஆண்டவர. என் பிள்ளைய எடுத்துட்டு இவளுக்கு ஒண்ணக் குடுக்கியேன்னு. நீருன்னுகூடச் சொல்லல. நீன்னேன்."

செண்பகத்தின் கை வயிற்றுக்குப் போனது. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினெட்டு. கல்லூரி விடுதியில் இருக்கிறான்.

மூத்தவள் காத்திருந்தாள். செண்பகத்தின் முகத்தில் ஏதோ ஒன்று உடைய வேண்டும். பொன்னாடையை அவளே எடுத்து ஓரமாக வைக்க வேண்டும்.

"அப்போ கஞ்சி?"

"கஞ்சிக்கென்ன. நீ ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல. வச்சேன்."

"அவர அப்படித் திட்டிக்கிட்டேயா?"

"ஆமா."

செண்பகத்தின் கண் நிறைந்தது. ஆனால் முகம் உடையவில்லை. கோயிலில் பேசியபோது இருந்ததைவிடத் தெளிந்திருந்தது.

"இதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்க்கா."

மூத்தவள் மேசைக்கு வந்தாள். பொன்னாடையை எடுத்தாள். அதன் சரிகை உள்ளங்கையில் உறுத்தியது. நான்காய் மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

பிறகு அதைச் செண்பகத்தின் கையில் திணித்தாள்.

"நீ என்னையப் பாத்து நம்பிட்ட. நான் யாரட்டி பாக்க?"