உறைப்பில்லாத நண்டுக்கறி

கட்டின புருசனை ‘அண்ணை’ என்று கூப்பிட லவீனாவுக்கு இன்றைக்கும் நாக்குக் கூசியது.

“அண்ணை, எல்லாரையும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

எமில்ராஜ் கழுத்தில் விடுதி அட்டை தொங்க, தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளிபோலச் செருப்பைக் கழற்றினான். பின்னால் ஐந்து சுற்றுலாக்காரர். கடற்கரை விடுதியிலிருந்து காலையில் வான் வண்டியில் வெளிக்கிட்டு, கோட்டை பார்த்து, நூலகம் பார்த்து, மத்தியானம் குருநகரில் ‘மீனவர் வீட்டுச் சாப்பாடு’. வழிகாட்டிகள் சொந்த வீட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோகக் கூடாது என்று விடுதியில் ஒரு சட்டமாம். அதனால்தான் இந்த அண்ணை நாடகம்.

அதற்குத் தாலிக்கொடியையும் ஏன் கழற்ற வேண்டும்? வெள்ளைக்காரருக்கு எளிமைதான் பிடிக்கும் என்றான். கழற்றி அலுமாரியில் வைத்தாள். பூப்போட்ட சேலை வேண்டாம் என்றான். அதற்கும் சரி.

இருபது வருடமாகத் தகப்பனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தாத மனிதன், அந்த மனுசன் வாலிபத்தில் எடுத்த படத்தைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கி, இருதய ஆண்டவருக்குக் கீழே கொழுவினான். இப்போதாவது பாசம் வந்ததே என்று அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

அவன் என்ன சொன்னாலும் செய்வாள். திரும்பக் கடலுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

நாலு வருடத்துக்கு முன்னர் அவனுடைய படகு மூன்று நாள் கரைக்கு வரவில்லை. அயலட்டை முழுக்கக் கைவிட்ட பிறகும் லவீனா மட்டும் யாகப்பர் கோயில் வாசலை விட்டு எழும்பவில்லை. உயிரோடு வந்து சேர்ந்தான். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலில் நடந்து நேர்த்தியைத் தீர்த்தாள். தோல் உரிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

சோறும் நண்டுக்கறியும் வைத்தாள். எமில்ராஜ் சுவரில் இருந்த படத்தைக் காட்டி இங்கிலிசில் ஏதோ சொன்னான். அவளுக்கு அந்தப் பாஷை மருந்துக்கும் தெரியாது.

வழக்கம்போல அழுகை தொடங்கியது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்து மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் இருந்தவர் சாப்பாட்டை அப்படியே நிறுத்திவிட்டார்.

அடேயப்பா, இதுகளின் நாக்கு என்ன நாக்கோ! போன மாதம் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்தாள். கண்ணீர் குறையவில்லை. இன்றைக்குத் தூளே போடாமல் தேங்காய்ப்பாலில் வைத்திருந்தாள். அப்படியும் அழுகிறார்களே! அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சீனி ஏதும் கொடுப்போம் என்று குசினிக்குப் போனாள். பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். கனடாப் பிள்ளை, தமிழ் ஒரு சொல்லும் வராது என்று எமில்ராஜ் சொல்லியிருந்தான். அந்தப் பிள்ளை லவீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்.

“அன்ரி, கடலிலை செத்துப்போன உங்கடை அவரின்ரை உடம்பாவது கிடைச்சதோ? அந்தப் படத்திலை இருக்கிறவர்?”

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. சேலை, கொடி, மாமனாரின் வாலிபப் படம், பாலில் வைத்த கறிக்கு வந்த கண்ணீர்.

விதவை. எது நடக்கக் கூடாதென்று மூன்று நாள் பச்சைத் தண்ணீரும் குடியாமல் மன்றாடினாளோ, அதையே கிழமைக்கு மூன்று தரம் அவளுக்கு முன்னாலேயே நடத்திக் காட்டியிருக்கிறான். அதுவும் அவள் கையாலேயே சோறு போட வைத்து. பாவி!

எமில்ராஜ் வெறும் செம்போடு குசினி வாசலில் நின்றான். கேட்டுவிட்டான் என்று முகத்தில் தெரிந்தது. காட்டிக் கொடுத்துவிடாதே என்று கண்ணால் கெஞ்சினான்.

லவீனா அவனைப் பார்த்தபடியே அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னாள்.

“ஓம், பிள்ளை. இண்டைக்குத்தான் கரை ஒதுங்கினது.”