பெருக்கக் கூடாத அறை

“அந்த ஆரஞ்சுத் தோலை எடுத்தது யாருன்னு கேக்கறேன்!”

“எடுக்கலைங்கம்மா. துண்டு வைக்க வந்தப்போ கால்ல பட்டு உருண்டுடுச்சு.”

“முன்னாடி எப்படிக் கிடந்துச்சோ அப்படியே வை. வெள்ளைப் பக்கம் மேல.”

யூக்-பிங் குனிந்து தோலைத் திருப்பி வைத்தாள். முப்பது வருஷமாக மற்றவர் குப்பையை அள்ளிய கை அது. குப்பையைப் பூப்போல அதன் இடத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை.

இடுப்பில் கைவைத்து வாசலில் நின்ற திருமதி ஃபுங், அவள் நிமிரும் வரை கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நாளாக அதே சிவப்புச் சட்டை, அதே கொண்டை. கணவர் கீழே சீட்டு மேசையில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுந்திருக்கும்வரை அறையில் விளக்கு அணையக் கூடாது, டிவி நிற்கக் கூடாது, மனைவி அறையைவிட்டு நகரக் கூடாது, முக்கியமாக, துடைப்பம் படக் கூடாது. பெருக்கினால் குப்பையோடு அதிர்ஷ்டமும் போய்விடும். சூதாட்ட ஊரான மக்காவ் நகரில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

லிஃப்ட் திறந்தது. பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு லௌ வந்தான். பெரிய ஆட்டக்காரர்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஓட்டல் வைத்திருக்கும் ஆள்.

“அம்மா, ஐயா இப்பவும் ஜெயிச்சுட்டாரு! மேசையைச் சுத்திக் கூட்டம் தாங்கல. இன்னும் ஒரு வாரத்துக்கு இந்த அறை உங்களுக்கு இலவசம். சாப்பாடும்தான்.”

“ஒரு வாரமா?” என்றாள் திருமதி ஃபுங். “ரெண்டு நாளுன்னு சொல்லித்தான் பூனையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன்.”

“பூனையையும் கூட்டிட்டு வந்துடுவோம். அதுக்கும் ஒரு ரூம் போட்டாப் போச்சு!”

அவனே சிரித்துக்கொண்டான்.

“எல்லையிலேர்ந்து எங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?”

“உங்களுக்கு எதுக்கும்மா பஸ்? ஐயா எந்திரிக்கற அன்னிக்கு நம்ம காரே வீட்டு வாசல்ல இறக்கிவிடும்.”

“எப்ப எந்திரிப்பாரு?”

“ஜெயிக்கறவரு எந்திரிப்பாரா? தோத்தாத்தான் எந்திரிப்பாரு. அதுக்கு நாம விட்டுடுவோமா?”

திருமதி ஃபுங்கும் சிரித்தாள். உதடு மட்டும்தான் அசைந்தது. பிறகு யூக்-பிங் பக்கம் விரலை நீட்டினாள்.

“முதல்ல இவளை அடக்கி வைங்க. கருவாட்டுக்குக் காத்திருக்கற பூனை மாதிரி என் குப்பையையே பாத்துக்கிட்டு நிக்கறா.”

லௌவின் சிரிப்பு நின்றது. யூக்-பிங்கைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

“முப்பத்தோராம் மாடி மறந்துபோச்சா உனக்கு?”

மறக்குமா? போன வருஷம் அங்கே ஒருத்தி தெரியாமல் பெருக்கிவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து விருந்தாளி தோற்றார். அவர் போட்ட கூச்சலில், அந்த வாரமே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டினாள். யூக்-பிங்கின் வேலை அனுமதி அட்டையும் இந்த ஓட்டல் பெயரில்தான் இருக்கிறது. வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான். அங்கே வூசோவில் கூரை ஏறாமல் நிற்கும் வீடு அப்படியே மழையில் நனையும்.

“தொடமாட்டேன் சார். சத்தியமா தொடமாட்டேன்.”

“அந்த அறையில நீ தும்மினாக்கூட எனக்குத் தெரியணும்” என்றபடி லௌ லிஃப்டில் ஏறினான்.

கதவு மூடிக்கொண்டது. விட்டால் போதுமென்று யூக்-பிங் தள்ளுவண்டியைத் திருப்பினாள்.

“நில்லு.”

திருமதி ஃபுங் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தித் தாழும் போட்டாள்.

பட்டப்பகலில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. பார்க்க ஆளில்லாமல் டிவியில் யாரோ குதிரைமேல் வாள் வீசினார்கள். ஐந்து நாள் கஞ்சிக் கிண்ணங்கள், எலும்புகள், தோல்கள். புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. முட்டைகளுக்கு நடுவே நடப்பவள்போல யூக்-பிங் கால்வைக்க இடம் தேடினாள்.

அப்போதுதான் ஜன்னலோரம் பார்த்தாள். அங்கே மட்டும் தரை, ஒரு பாய் அகலத்துக்குப் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் அழுக்கேறிய குளியல் துண்டு.

இவ்வளவு நேரம் கத்தியது தோலுக்காக இல்லையா? பழி வந்தேவிட்டதா?

“அம்மா, நான் இல்லைங்கம்மா! நான் இந்தப் பக்கமே வரலை. லௌ சார்கிட்ட சொல்லிடாதீங்க. என் பொழப்பே போயிடும்.”

“தெரியும்.”

“நெசமாம்மா, மேல இருக்கற கடவுள் சாட்சியா...”

“தெரியும்னு சொல்றேன்ல. தொடச்சது நான்தான்.”

யூக்-பிங் விழித்தாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் சில்லிட்டிருந்தன. இத்தனை நேரம் ஏறிக்கொண்டே இருந்த குரல் சட்டென்று உடைந்தது.

“என் கை பட்டா பலிக்க மாட்டேங்குது அக்கா. நீங்க ஒரு தடவை பெருக்கிடுங்களேன்.”