வலப்பக்க மடிப்பு

அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ட்ரேயை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்காமல் மறைப்பது போல.

"உன் வேலைய நீ பாரு" என்றார்.

என் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த காகிதத்தில் தின்பண்டப் பெட்டிக்கு அளவு குறித்து, மடிய வேண்டிய இடங்களில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அழுத்தாமல் மடித்தால் காகிதம் தன் இஷ்டத்துக்கு மடியும்.

கைதான் அங்கே இருந்தது. மனம் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

விடுமுறை முடிந்ததும் நாங்கள் தனி வீட்டுக்குப் போகிறோம்.

அதை அத்தையிடம் சொல்லவேண்டியது நான். பேச்சு உனக்குத்தான் நன்றாக வரும் என்று ஒரு பாராட்டை என் தலையில் கட்டிவிட்டு, என் கணவர் அலுவலகத்துக்கு நழுவிவிட்டார்.

சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சொல்வது சுலபம். அவருடைய வேலை ஊரின் அந்தக் கோடிக்கு மாறியது, மகளுக்குப் பள்ளியும் அங்கேயே கிடைத்தது. நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை விட்டு அத்தை வரமாட்டார் என்பது கேட்காமலே தெரிந்த விஷயம்.

அவர் வருத்தப்படுவாரே என்பதல்ல என் பயம். வருத்தமே படமாட்டாரோ என்பதுதான்.

அத்தை அளந்து பேசுகிறவர். நான் மருமகளாக வந்த ஏழு வருடத்தில் ஒருநாள்கூட என் சமையலைப் பாராட்டியதில்லை. உப்பு கூடினால் சொல்வார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்.

இந்த வீட்டில் ஆண்டு முடிவு விடுமுறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்த்து அட்டை, காகிதத்தில் செய்த ஒரு பெட்டி நிறையத் தின்பண்டம். விடுமுறையின் முதல் நாள் காலையில் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். செய்தது யார் என்று எழுதக்கூடாது, கேட்கவும் கூடாது. ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வோம்.

இந்த வருடம் அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அறை வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் இருக்கும் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டார். பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு என்று நானும் என் காகிதங்களோடு எதிரே உட்கார்ந்தேன்.

எனக்கு வரும் அட்டையை யார் செய்கிறார் என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. அது தப்பான பக்கம் திறந்தது. எல்லா அட்டைக்கும் மடிப்பு இடப்பக்கம் இருக்கும். இதற்கு வலப்பக்கம். ஒரு காகிதத்தைக்கூட ஒழுங்காக மடிக்கத் தெரியாத ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான். மறைமுகமாகக் கிண்டல் செய்தேன். என் கணவர் சிரித்தார்.

பெட்டியிலும் அவர் கை தெரிந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சாக்லேட், எனக்கு மட்டும் உப்பு முந்திரி. எனக்கு இனிப்பு பிடிக்காது என்பது அவருக்குத்தானே தெரியும்.

அட்டைகளில் எழுத்து இருக்காது. வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய ஒரே ஒரு பொருள். நேர்முகத் தேர்வுக்குப் போய் நனைந்து திரும்பிய வருடம் ஒரு குடை. மகள் பிறந்த வருடம் இரண்டு குட்டிக் காலுறைகள். என் அப்பா இறந்த வருடம், பின்னல் பிய்ந்த ஒரு நாற்காலி. அப்பா உட்காரும் நாற்காலி அது.

ஆறு அட்டைகளும் என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. கணவர் மேல் கோபம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். அவருக்குக் கிடைத்த மன்னிப்புகளில் பாதி அந்த அட்டைகள் வாங்கிக் கொடுத்தவை.

அத்தை, ஒரு விஷயம் சொல்லணும். அப்படித்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

என் முழங்கை பட்டுப் பசைக் குப்பி உருண்டது. ட்ரே சரிந்து விழுந்தது.

அத்தையின் கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது.

எதிரே பாதி முடிந்த ஓர் அட்டை. மடிப்பு வலப்பக்கம்.

அத்தையின் இடது கைப் பழக்கத்தைப் பள்ளியில் அடித்தே மாற்றிவிட்டார்கள் என்று என் கணவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். சாப்பிடுவது, எழுதுவது, கரண்டி பிடிப்பது எல்லாம் வலது கையில்தான் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கோல் மட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது.

அந்த நாற்காலியைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருமுறை, சமையலறையில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அப்படியானால் ஆறு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு என் கணவர் என்னதான் செய்தார்? வேறு யாருக்காவது செய்துவிட்டு மீதி நேரம் தூங்கியிருப்பார்.

அத்தை சட்டென்று கத்தரிக்கோலை வலது கைக்கு மாற்றினார். ஆனால் அட்டையை மறைக்க நேரமில்லை.

இந்த வருடம் ஒரு வீடு. நாங்கள் இருக்கும் வீடு இல்லை. மாடி இல்லாத, ஒரே ஜன்னல் வைத்த சின்ன வீடு. கதவை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, திறந்து மூடும்படி விட்டிருந்தார்.

நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்துக்கு இனி வேலை இல்லை.

"சாவி கைக்கு வந்தாச்சா?" அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நாளைக்குத் தருவாங்க அத்தை. ரெண்டுதான் தருவாங்களாம்." உருண்ட பசைக் குப்பியை எடுத்து நிறுத்தினேன். "இன்னொண்ணு போட்டுடலாம்னு இருக்கேன். உங்களுக்கு."

அதை அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

விழுந்த ட்ரேயை எடுத்து நிமிர்த்தவும் இல்லை. கத்தரிக்கோலை மட்டும், என் கண்ணெதிரிலேயே, இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.