பன்னிரண்டாம் நாள் படம்

பதினோரு நாளாகக் கஸ்தூரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஒன்பது அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடுவாள். தொலைநோக்கியின் முகப்பில் கறுப்பு வடிகட்டியைப் பொருத்தி, கைப்பேசியைக் கண்ணருகு வில்லையில் வைத்து, சூரியனின் அந்த ஒரே கரும்புள்ளியைப் படமெடுப்பாள். முந்தைய நாள் படத்தோடு ஒப்பிடுவாள். நடுவில் அடர்ந்த கருப்பு, சுற்றிலும் வெளிறிய விளிம்பு. விளிம்பு பிய்ந்து கோணலானால் ஏதோ வெடிக்கப்போகிறது என்று அர்த்தம். "இன்னிக்கும் வளர்ந்திருக்குங்க!" என்று மாடியிலிருந்தே கத்துவாள். கீழே அவள் கணவர் பழனிவேல் உம் கொட்டுவார்.

பன்னிரண்டாம் நாள் அவரே மேலே வந்தார். சட்டையைக் கழற்றி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம்.

"இதையும் ஒண்ணு எடு. போன மாசம் நான் வெத்து உடம்போட இந்தத் தொலைநோக்கியத் தூக்கிட்டு வந்தப்ப, பின்னாலேருந்து எடுத்தியே, அந்தப் படத்தோட வச்சுப் பாரு. எனக்குக் கை எட்டுது, கண்ணு எட்டல."

எடுத்தாள். பழைய படத்தைத் தேடிப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நடுவில் அடர்ந்த கருப்பு. விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது.

"என்ன, வளர்ந்திருக்கா?" திரும்பாமலே கேட்டார்.

"மேகம் மறைக்குதுங்க. செத்த அப்படியே நில்லுங்க."

வெயிலில் சுள்ளென்று காயும் முதுகோடு அவர் அசையாமல் நின்றார்.