முற்றத்து நீலக் கூடாரம்

ஐந்தாவது நாளும் விடிந்தது. ஞாவாங் தன் வீட்டு முற்றத்தில், கூடாரத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்தார். நீலத் துணிமேல் உறைபனி உப்புப் பூத்ததுபோல் வெளுத்திருந்தது.

பார்த்த மிங்மருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஏழு தரம் எவரெஸ்ட் ஏறி இறங்கிய மனுசன், பத்தடியில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு, ஒரு கூடாரத்தைச் சோதித்துப் பார்க்க இந்தக் குளிரில் கிடக்கிறார். அதுவல்லவா தொழில்!

மிங்மர் பதினைந்து வருசம் நெற்றியில் வார் மாட்டி அடுத்தவன் மூட்டையைச் சுமந்தவன். இப்போதுதான் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு குழுவை மலைக்குக் கூட்டிப் போகப்போகிறான். எட்டுப் பேர், திங்கட்கிழமை வருகிறார்கள். கூடாரம் காலை வாரிவிட்டால் மறுபடி நெற்றிவார்தான்.

அன்று நாம்சே ஊரின் சனிக்கிழமைச் சந்தையில் இதே நீல ரகத்தில் நாலு இருந்தன. ஜிப்பை இருபது தரம் இழுத்துப் பார்த்துவிட்டான். தையல்மேல் ஒரு குவளைத் தண்ணீரும் ஊற்றிவிட்டான். ராத்திரிக் குளிரை மட்டும் சந்தை வெயிலில் நின்று பார்க்க முடியவில்லை. வியாபாரியோ உச்சிப்பொழுதுக்குள் கடையைக் கட்டிவிடுவான்.

“ஞாவாங் அண்ணே! கூடாரம் எப்படி?”

ஜிப் திறந்தது. குல்லாய் போட்ட தலை மட்டும் வெளியே வந்தது. “எப்படின்னா?”

“குளிர் தாங்குமாண்ணே?”

ஞாவாங் தன் வீட்டுக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். “குளிரா? எனக்கா? படுத்தா விடியறதுதான் தெரியும். இது இருக்கையில வீடெல்லாம் எதுக்குங்கிறேன்!”

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் டமாரென்று விழுந்தது.

“அப்ப நாலையும் எடுத்துடவாண்ணே?”

“அது... உன் இஷ்டம்ப்பா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “டேய், உங்க வீட்டுல கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருந்தாக் கொண்டாயேன்.”

“உங்க வீடு இதோ இருக்கேண்ணே?”

“உள்ள போனா சோதனை கெட்டுப்போயிடும்டா. இதுகூடத் தெரியாம நீ எல்லாம் குழு கூட்டிப் போற!”

மிங்மர் நாக்கைக் கடித்துக்கொண்டு சந்தைக்கு ஓடினான். திரும்பும்போது நாலு கூடாரமும் பழைய பழக்கத்தில் நெற்றிவாரில் தொங்கின. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வியாபாரியோடு போய்விட்டது. ஆனாலும் நடையில் ஒரு துள்ளல்.

வாசலில் ஞாவாங்கின் மனைவி யாங்ஜி உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். “என்னப்பா, கடையவே பெயர்த்துத் தூக்கிட்டு வந்துட்ட?”

“எல்லாம் அண்ணன் சோதிச்சுச் சொன்னதுதான் அண்ணி.”

“யாரு, இவரா? பூசைக்கு வெச்ச சாங் கள்ளுப் பானையை ஒத்தை ஆளாக் குடிச்சுக் கவுத்தாரு. நான்தான் வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினேன்.”

கூடாரத்தின் ஜிப் உள்ளிருந்து மெல்ல மூடிக்கொண்டது. மிங்மருக்கு முகம் வெளுத்தது. என்றாலும் சட்டென்று தெம்பு வந்து நிமிர்ந்தான்.

“இருக்கட்டும் அண்ணி. எதுக்குப் படுத்தா என்ன? அஞ்சு ராத்திரி இதுக்குள்ள அசையாமத் தூங்கியிருக்காரே, எனக்கு அது போதும்.”

யாங்ஜி கழுவிய கிழங்கை நழுவவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“தூங்கினாரா? குளிருது குளிருதுன்னு விடிய விடியக் கதவையில்ல தட்டிக்கிட்டிருந்தாரு!”