பூவேலைத் திருகுகள்

“இத இப்படிப் பண்ணுனவன் கையில கெடச்சா, மொத வெடி அவனுக்குத்தான்” என்றார் குமரப்பன். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

புதுக்கோட்டையில் துப்பாக்கி பழுதுபார்க்க லைசென்ஸ் வைத்திருக்கும் அருள்தாஸ், மேஜையில் கிடந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை விளக்குப் பக்கம் திருப்பினார். குமரப்பனின் பாட்டனார் வாங்கியது. இரும்பெங்கும் செதுக்கிய கொடி ஓடியது. ஒவ்வொரு திருகின் தலையும் அந்தக் கொடியில் ஒரு பூ.

பின்பக்கத்துப் பூக்கள்தான் நாசமாகியிருந்தன. திருப்புளி இறங்கும் காடி பிய்ந்து, இரும்பு பிசிறாக எழும்பி, இதழெல்லாம் கீறல்.

“இது ஸ்க்ரூ டிரைவரே இல்லங்கய்யா. என்னத்தையோ விட்டு நெம்பியிருக்காங்க.” அருள்தாஸ் தனக்கே வலித்தாற்போல முகம் சுளித்தார். “பிதுங்குன இரும்ப மெல்லத் தட்டி உள்ள எறக்கி, காடிய நேரா அராவி, பூவ மறுபடி வெட்டணும். எது பழசு, எது நான் வெட்டுனதுன்னு தெரியாமப் பண்ணித் தாரேன்.”

“பண்ணுங்க. வெடிக்கவும் மாட்டேங்குது. ரெண்டு விசையையும் இழுத்துப் பாத்துட்டேன்.”

“கடலைக்கொல்லையில பன்னியா? ரொம்பத் தூரமோ?”

“இல்ல. கிட்டத்துலதான்.”

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த குமரப்பனின் மனைவி விசாலி தலை நிமிரவில்லை.

ஒரே மகன் சிவா திருமயம் ரோட்டில் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, இருவரும் சென்னையை விட்டு அரிமளம் பக்கத்துச் சொந்த வீட்டுக்கே வந்துவிட்டார்கள். துக்கத்துக்குப் போன அருள்தாஸ், குமரப்பன் அழுது பார்க்கவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார் என்று ஊரில் சொன்னார்கள்.

அருள்தாஸ் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். “ரெண்டு ஊசியும் இல்லையே!”

“என்ன ஊசி?” என்றார் விசாலி. முதல்முறையாக வாய் திறந்தார்.

“தோட்டா முதுகுல குத்துறது ஆச்சி. அது இல்லேன்னா ‘டிக்’குன்னு சத்தம்தான் வரும், வெடிக்காது. யாரோ வேணும்னே உருவியிருக்காங்க. வீட்டுக்குள்ள வந்து போன ஆளு யாருன்னு யோசிங்க. போலீசுல சொல்லணும்.”

“அதெல்லாம் வேணாம்” என்றார் குமரப்பன். “புதுசு போட்டுருங்க. இன்னைக்கே முடியுமா?”

“கடைஞ்சு போட்டுரலாம். உக்காருங்க.”

விசாலி எழுந்து வந்தார். கைப்பையைத் திறந்து, துணியில் சுருட்டி வைத்திருந்த இரண்டு ஊசிகளையும் மேஜைமேல் வைத்தார்.

“தேங்கா கீறுற கத்தியால நான்தான் கழட்டுனேன்” என்றார் புருஷனிடம். “இது எப்படி வெடிக்குதுன்னு சின்னதுல சிவா கேட்டப்ப, நீங்க பிரிச்சுக் காட்டுனீங்கள்ல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

குமரப்பன் அவரைப் பார்த்தார். “எப்ப கழட்டுன?”

“பீரோலேருந்து தோட்டாவ எடுத்து நீங்க தலமாட்டுல வச்ச அன்னைக்கு. அத ஒளிச்சா வேற வழி தேடுவீங்கன்னுதான்…”

அருள்தாஸ் கையிலிருந்த உளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“மறுநா நீங்க ரூமச் சாத்திக்கிட்டு இழுத்தது ரெண்டும் எனக்குக் கேட்டுச்சு. கதவுக்கு வெளியிலதான் நின்னேன். அப்புறம் போயி காப்பி போட்டேன். கூப்பிட்டேன், வந்து குடிச்சீங்க.”

வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. குமரப்பன் முகத்தில் எதுவும் அசையவில்லை. கை மட்டும் நீண்டு, கழற்றிக் கிடந்த திருகு ஒன்றை எடுத்துத் தடவியது. பிசிறு விரலில் ஏறியதும் ‘ஸ்’ என்று உதறினார். விசாலி அந்த விரலைப் பிடித்துச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டார். குமரப்பன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அய்யா… அப்ப ஊசி?” என்றார் அருள்தாஸ் தயங்கி.

“வேணாம்.”

குமரப்பனின் குரல் உடைந்திருந்தது.

“திருகையும் அப்படியே விட்டுருங்க.”