எதிர்க்கட்சியாக இருந்தபோது

மீனவர் சங்கத் தலைவர் பூவரசனைக் காலையில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மறியலைப் பற்றி அவர் போனில் பேசியதையெல்லாம் இன்ஸ்பெக்டர் ஒன்று விடாமல் ஒப்பித்தாராம்.

சிதம்பரத்தில் பஸ் ஏறிய வித்யா, கடலூரில் அமைச்சர் தாண்டவராயன் வீட்டுக்குத்தான் நேராக வந்தாள்.

"கோர்ட்டு அனுமதி இல்லாம யார் போனையும் ஒட்டுக்கேக்க விடமாட்டோம்னு சொன்னீங்களேண்ணே! அத நம்பித்தான உங்க கட்சிக்காக ஊர் ஊராப் போயி கையெழுத்து வாங்கினேன்?"

"அப்ப எதிர்க்கட்சிம்மா. ஆட்சிக்கு வந்தாதான் அதோட அவசியம் தெரியுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வித்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி. பூவரசன் பேசினது அவரு மாமியார் பேர்ல வாங்குன சிம்மு. அது அவரு நம்பருன்னு போலீசுக்கு யாரு சொன்னா?"

அமைச்சர் வாய் திறப்பதற்குள் உதவியாளர் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தார்.

"ஐயா, போலீஸ்லேருந்து திருப்பிக் குடுத்துட்டாங்க. இதுல இருக்குற நம்பரு எல்லாத்தையும் அவங்க ஒட்டுக்கேக்குற லிஸ்ட்ல ஏத்திக்கிட்டாங்களாம்."

மேல் தாளில், 'ஒட்டுக்கேட்பதை எதிர்க்கிறோம்' என்று வித்யா தன் கையால் எழுதிய தலைப்பு. அதன் கீழே பெயர், ஊர், போன் நம்பர், கையெழுத்து.

இரண்டாவது பெயர் பூவரசன்.

முதல் பெயர் அவளுடையது.